அலுமினியத் தகட்டுக்கு அடியில்: குழாய்த் துரு பற்றிய கேள்வி–பதில்

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் கடலூர் சிப்காட்டிலிருந்தும் புதுச்சேரி தொழிற்பேட்டைகளிலிருந்தும் வரும் கடிதங்களில் பாதி ஒழுகலைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றில் இன்சுலேஷன் போட்ட பைப்புகளைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் ஆலையில் 6 அங்குல கண்டென்சேட் (நீராவி குளிர்ந்த நீர்) லைன் ஒன்று 400 மீட்டர் ஓடுகிறது. ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) சுற்றி, மேலே அலுமினியத் தகடு போட்டு 12 வருடம் ஆகிறது. போன மழையில் ஓர் எல்போவில் (வளைவுத் துண்டில்) ஒழுகியது. பிரித்தால் பைப்பின் வெளிப்பக்கம் அடை அடையாகத் துரு. மொத்த லைனையும் பிரிக்க மேலிடம் சம்மதிக்காது. எங்கே ஆரம்பிப்பது?
– பராமரிப்பு மேற்பார்வையாளர், குடிகாடு

பதில்: உங்கள் லைனின் வெப்பநிலையை நீங்கள் எழுதவில்லை. கண்டென்சேட் என்பதால் 80 முதல் 95 டிகிரி என்று வைத்துக்கொள்கிறோம். அப்படியானால் மிக மோசமான இடத்தில்தான் மாட்டியிருக்கிறீர்கள். கார்பன் ஸ்டீலுக்கு இன்சுலேஷன் அடியில் அரிப்பு வரக்கூடிய எல்லையாக அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் வழிகாட்டி ஏ.பி.ஐ. 583 சொல்வது மைனஸ் 12 முதல் 175 டிகிரி வரை. அதிலும் 77 முதல் 110 வரை உள்ள பகுதிதான் கடுமையானது. திறந்த பைப்பில் சூடு ஏறினால் ஈரம் ஆவியாகிப் போய்விடும். தகடு மூடிய பைப்பில் ஆவி வெளியேற வழியில்லை. தகட்டின் உட்புறத்தில் குளிர்ந்து நீராகி மறுபடி பைப்பின் மேலேயே சொட்டும். ஒவ்வொரு சுற்றிலும் உப்பு மட்டும் பைப்பின் மேல் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். கடலோர ஆலையில் அந்த உப்புக்குப் பஞ்சமில்லை.

எனவே தடிமன் அளக்கும் டிக்னஸ் மீட்டரை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு லைனை முழுக்க நடந்து பாருங்கள். தேடவேண்டியது துருவை அல்ல, தண்ணீர் உள்ளே போகும் வாயை. தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் எல்லாமே சந்தேகத்துக்குரியது: வென்ட், டிரெய்ன், பிரஷர் கேஜ் ஸ்டப், சப்போர்ட் ஹேங்கர், வால்வு, ஃபிளேஞ்ச் பக்கத்தில் இன்சுலேஷன் முடியும் இடம். அங்கே அடைப்புக்குப் பூசிய மஸ்டிக்கோ சிலிகானோ வெயிலில் வெடித்திருக்கும். ஆட்கள் ஏறி மிதித்துத் தகடு பள்ளமான இடம், ஸ்க்ரூ கழன்ற ஓட்டை, முன்பு தடிமன் ரீடிங் எடுக்கத் தகட்டில் வெட்டி, பிறகு அதன் மூடி தொலைந்துபோன ஜன்னல், எல்லாவற்றையும் குறியுங்கள். தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதும் முக்கியம். நம் ஊரில் பெருமழை வடகிழக்கிலிருந்து காற்றோடு சாய்ந்து அடிக்கும். நின்ற பைப்பில் நீளவாக்கு மடிப்பு கடலைப் பார்த்துத் திறந்திருந்தால் அது தண்ணீருக்கு வைத்த புனல்தான். கூலிங் டவரின் நீர்த்தூவல் படும் தூரத்தில் உள்ள பகுதியைத் தனியாகக் குறியுங்கள், அங்கே மழை வருடம் முழுக்கப் பெய்கிறது. இந்த லைனிலோ மேலே ஓடும் பக்கத்து லைனிலோ ஸ்டீம் டிரேசிங் ட்யூப் (பைப்பைச் சூடாக வைக்க ஒட்டி ஓட்டும் நீராவிக் குழாய்) இருந்தால் அதன் இணைப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகடு பத்திரமாக இருந்தும் உள்ளிருந்தே நனைக்கும் ஒழுகல் அது.

அடுத்தது, அந்தத் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பது. உள்ளே புகுந்த இடத்தில் அது தங்காது. நின்ற பைப்பில் மேலே புகுந்தது கீழ் எல்போவில் தேங்கும். படுத்த பைப்பில் 6 மணி நிலையில், அதாவது அடிவயிற்றில், சரிவின் தாழ்ந்த முனையில், சப்போர்ட் தடுக்கும் இடத்தில் தேங்கும். உங்கள் எல்போ ஒழுகியதற்குக் காரணம் எல்போவில் இருக்காது, பல மீட்டர் மேலே இருக்கும். அதை அடைக்காமல் எல்போவை மட்டும் மாற்றினால் புது எல்போவும் அதே வழியில் போகும்.

இந்த இரண்டு குறிப்பையும் ஐசோமெட்ரிக் வரைபடத்தில் ஏற்றினால், பிரிக்கவேண்டிய இடங்கள் 400 மீட்டரில் அநேகமாக 20, 25-க்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் சுமார் 300-க்கு 300 மி.மீ. ஜன்னல் வெட்டுங்கள், அடிப்பக்கத்தில். மேலே வெட்டுவது சாரத்தில் நிற்பவருக்கு வசதி, ஆனால் அங்கே பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. ராக்வூலைக் கையால் பிழியுங்கள். ஈரமாக இருந்தாலோ, காய்ந்திருந்தும் பழுப்புக் கறை இருந்தாலோ, இரு பக்கமும் பெயின்ட் நன்றாக இருக்கும் பைப் தென்படும்வரை பிரித்துக்கொண்டே போங்கள். ஒரு ஜன்னல் சுத்தமாக இருப்பது அந்த 300 மி.மீ.க்கு மட்டுமே சாட்சி.

1980-களில் போட்ட லைனாக இருந்தால் இன்சுலேஷனில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். மாதிரி எடுத்துச் சோதிக்காமல் கத்தி வைக்காதீர்கள்.

கேள்வி: ஜன்னல் வெட்டியதும் அடைத் துருவைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு ரீடிங் எடுக்கலாமா? லைன் ஓட்டத்தில்தான் இருக்கும்.
– ஃபிட்டர், பச்சையாங்குப்பம்

பதில்: கூடாது. பல இடங்களில் அந்த அடைதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். தட்டிய நொடியில் 90 டிகிரி தண்ணீரோ ஸ்டீமோ முகத்தில் அடிக்கும். கம்பி பிரஷ், கிரைண்டர், உளி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். ஓடும் லைனில் தடித்த அடை தெரிந்தால் ஜன்னலை அப்படியே விட்டு, கயிறு கட்டி, இன்ஸ்பெக்ஷன் ஆளைக் கூப்பிடுங்கள். தொடுவது அழுத்தம் இறக்கிய பிறகுதான்.

தடித்த அடையைப் பார்த்து மொத்த இரும்பும் போய்விட்டது என்று பதறவும் வேண்டாம். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமனாகும். விரல் தடிமன் அடைக்கு அடியில் ஓரிரு மி.மீ. மட்டுமே போயிருக்கலாம். போயிருக்கலாம் என்பதை நம்பித் தட்டக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: 6 அங்குலம், ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் வகை). கேட்லாக்கில் 7.11 மி.மீ. எங்கள் டிக்னஸ் மீட்டர் பல இடங்களில் 7.9, 8 என்று காட்டுகிறது. 10 வருடப் பைப் எப்படித் தடிக்கும்? மீட்டர் பழுதா?
– மெக்கானிக்கல் டிப்ளமோ பயிற்சியாளர், கடலூர் முதுநகர்

பதில்: மீட்டர் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. பெயின்ட் மேலேயே ப்ரோபை (மீட்டரின் தொட்டு அளக்கும் முனையை) வைத்திருக்கிறீர்கள், பைப்பும் சூடாக இருந்திருக்கிறது.

ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் இந்தக் கருவி தடிமனைச் சொல்கிறது. ஒலி இரும்பில் நொடிக்குச் சுமார் 5,920 மீட்டர் போகும், பெயின்ட்டில் அதில் பாதிக்கும் குறைவான வேகத்தில்தான் போகும். மீட்டர் எல்லாவற்றையும் இரும்பாகவே கணக்கிடுவதால் 0.3 மி.மீ. பெயின்ட்டை ஏறக்குறைய 0.75 மி.மீ. இரும்பாகக் காட்டும். சூட்டில் இரும்பிலேயே ஒலி மெதுவாகும். ஒவ்வொரு 55 டிகிரிக்கும் ரீடிங் சுமார் 1 சதவீதம் கூடும். 30 டிகிரியில் கேலிபரேட் செய்துவிட்டு 120 டிகிரி பைப்பில் வைத்தால் 0.12 மி.மீ. வரை ஏறும். இரண்டையும் கூட்டினால் 7.11 என்பது 7.98 ஆகிவிடுகிறது.

8 காட்டியது நல்லதாயிற்று, உங்களுக்குச் சந்தேகம் வந்தது. ஆபத்து 7.1 காட்டும் இடத்தில்தான். அங்கே உண்மையான சுவர் 6.2 மி.மீ. ஆகத் தேய்ந்திருக்கும், நீங்களோ புதுப் பைப் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருப்பீர்கள். அந்த ரீடிங்குகளை எல்லாம் திரும்ப எடுங்கள். மீட்டரில் எக்கோ-டு-எக்கோ முறை இருந்தால் பெயின்ட்டைக் கழித்துவிடும், ஆனால் உட்புறம் கரடுமுரடான பைப்பில் அது ரீடிங்கே தராமல் தவிக்கும். இல்லையென்றால் ப்ரோப் அகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, பிறகு மறக்காமல் டச்-அப் செய்யுங்கள். 60 டிகிரிக்கு மேல் ப்ரோபுக்கு அடியில் தடவும் சாதாரண ஜெல் காய்ந்துவிடும், உயர் வெப்ப ஜெல்லும் அந்தச் சூட்டைத் தாங்கும் ப்ரோபும் வேண்டும். ஒரு ரீடிங்குக்கு மேல் ப்ரோபைப் பைப்பிலேயே அழுத்திக்கொண்டு நிற்க வேண்டாம்.

மிக மெல்லிய சுவரில் இன்னொரு பொறி உண்டு. சுமார் 1 மி.மீ.க்குக் கீழே போனால் இரட்டை எலிமென்ட் ப்ரோப் (ஒலியை அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று) முதல் எதிரொலியைத் தவறவிட்டு இரண்டாவதைப் பிடித்து, இரு மடங்காகக் காட்டும். சுற்றிலும் 3, 2.5, 2 என்று இறங்கிக்கொண்டே வந்து நடுவில் திடீரென்று 1.8 என்று நின்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

வெளித் துருவை அளக்கும்போது பெரும்பாலோர் செய்வது ஒன்று. குழி விழுந்த பரப்பில் ப்ரோப் சரியாகப் பதியாது, ரீடிங் வராது. உடனே கிரைண்டரால் குழியைச் சமன் செய்துவிடுகிறார்கள். மிச்சமிருந்த இரும்பைத் தேய்த்துவிட்டு அதை அளப்பது என்ன கணக்கு? குழிக்குப் பக்கத்தில் நல்ல பரப்பில் மீட்டரால் சுவரை அளந்துகொள்ளுங்கள். குழியின் ஆழத்தை பிட் கேஜால் தனியாக அளந்து கழியுங்கள். குழி வெளியேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு அல்ட்ராசோனிக் தேவையே இல்லை.

கேள்வி: எங்களுடையது சர்க்கரை ஆலை. எக்ஸாஸ்ட் ஸ்டீம் (டர்பைனை ஓட்டி வெளிவரும் நீராவி) லைன் 130 டிகிரியில் ஓடுகிறது, லைவ் ஸ்டீம் (பாய்லரிலிருந்து நேராக வரும் நீராவி) லைன் 400-க்கும் மேல். இவ்வளவு சூட்டில் தண்ணீர் நிற்குமா? துரு வராது என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள்.
– ஆலைத் தொழிலாளி, நெல்லிக்குப்பம்

பதில்: அரவை நடக்கும்போது லைவ் ஸ்டீம் லைனைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் வருடத்தில் அரவை இல்லாத மாதங்களில் அந்த லைன் என்ன வெப்பநிலையில் இருக்கிறது? வெறும் வெயில் சூடுதான். வடகிழக்குப் பருவமழை முழுவதும் அது குளிர்ந்து கிடக்கிறது, நனைந்த ராக்வூல் அதைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிறகு பாய்லர் ஏற்றும்போது, உள்ளே இருக்கும் நீர் காயும்வரை பைப் அந்த 77–110 பகுதியைக் கடந்துதான் மேலே போகிறது. எக்ஸாஸ்ட் லைனுக்கு இது இன்னும் மோசம், 130 டிகிரியும் அரிப்பு எல்லைக்குள்ளேயே இருக்கிறது. நின்று நின்று ஓடும் லைன், தொடர்ந்து ஓடும் லைனைவிடச் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் இதுதான்.

டிசைன் ஷீட்டில் உள்ள வெப்பநிலையை வைத்து லைனைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். ஷட்டவுன் நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். ஓட்டமே இல்லாத டெட்-லெக் கிளைகளையும் பாருங்கள். மெயின் லைன் 400 டிகிரியில் இருக்கும்போது, மூடிய வால்வு வரை உள்ள ஒரு மீட்டர் ஸ்டப்பின் நுனி 90 டிகிரியில் சுகமாகத் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். சோதிக்க நல்ல நேரம் மழை முடிந்து பாய்லர் ஏற்றுவதற்கு முந்தைய வாரங்கள். ஈரத்தைக் கையோடு பிடித்துவிடலாம், பைப்பிலும் அழுத்தம் இருக்காது.

கேள்வி: இன்சுலேஷனைப் பிரிக்காமலேயே 100 சதவீதமும் ஸ்கேன் செய்து தருகிறோம் என்று ஒரு நிறுவனம் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. பல்ஸ்டு எடி கரன்ட் என்கிறார்கள். நம்பலாமா? தெர்மல் கேமரா போதாதா?
– கொள்முதல் அதிகாரி, சேதராப்பட்டு

பதில்: கருவி உண்மையானது, 100 சதவீதம் என்ற வார்த்தைதான் பிரச்சினை.

பல்ஸ்டு எடி கரன்ட், காந்தத் துடிப்பால் இரும்பில் மின்னோட்டம் எழுப்பி, அலுமினியத் தகட்டையும் இன்சுலேஷனையும் தாண்டி, கார்பன் ஸ்டீல் சுவரின் தடிமனைச் சொல்லும். ஆனால் அது சொல்வது ப்ரோபின் காலடிப் பரப்பு முழுவதின் சராசரி. இன்சுலேஷன் தடிக்கத் தடிக்க அந்தப் பரப்பும் அகலும். 75 மி.மீ. இன்சுலேஷன் மேலிருந்து பார்த்தால், உள்ளங்கை அளவுக்குப் பரவிய தேய்மானம் தெரியும். 10 மி.மீ. அகலத்தில் ஆழமாக இறங்கிய குழி சராசரியில் கரைந்துபோகும். ஃபிளேஞ்ச், சப்போர்ட், நாசில் பக்கத்தில் உள்ள இரும்பு ரீடிங்கைக் குழப்பும், தண்ணீர் புகுவதோ பெரும்பாலும் அங்கேதான். உங்கள் தகடு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆக இருந்தால் சாதாரண ப்ரோப் திணறும், அதற்கென உள்ள ப்ரோப் கொண்டுவருவார்களா என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் பைப்புக்கு இந்தக் கருவி வேண்டாம்.

தெர்மல் கேமரா துருவைக் காட்டாது, ஈரத்தைக் காட்டும். நனைந்த இன்சுலேஷன் சூட்டை அதிகம் கடத்துவதால், சூடான லைனில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். பகலில் எடுத்தால் பளபளக்கும் அலுமினியம் சூரியனையும் பக்கத்து லைனையும் கண்ணாடிபோலக் காட்டி ஏமாற்றும். சூரியன் மறைந்து ஓரிரு மணி நேரம் கழித்து எடுக்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் எடுத்த அறிக்கையில் எல்லாமே காய்ந்து இருக்கும், போன மழையில் அரித்த பைப் உட்பட. கேமராவுக்குக் காலம் மழையை ஒட்டிய வாரங்கள்தான்.

குழியைப் பிரிக்காமல் பார்க்க நம்பகமான வழி கதிர்ப்படம் எடுக்கும் ரேடியோகிராஃபிதான். கதிர் பைப்பின் விளிம்பைத் தொட்டுப் போகும்படி வைத்து எடுத்தால் சுவரின் வெட்டுமுகம் ஃபிலிமில் விழும், வெளிப்பக்கத் துருவும் குழியும் கோடாகத் தெரியும். ஒரு ஷாட்டில் இரண்டு விளிம்பு மட்டுமே கிடைக்கும், 90 டிகிரி திருப்பி இன்னொன்று எடுக்கவேண்டும். கதிர் தரும் இரிடியம்-192 சோர்ஸின் அரை ஆயுள் 74 நாள். பழைய சோர்ஸ் கொண்டுவந்தால் எக்ஸ்போஷர் நேரம் நீளும், ஒரு ராத்திரியில் எடுக்கும் ஷாட் குறையும். அன்றைய கியூரி (கதிர்வீச்சு வலிமை) அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.இ.ஆர்.பி. (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) உரிமம், சான்று பெற்ற ரேடியோகிராஃபர், கயிறு கட்டிய எல்லை, சர்வே மீட்டர் இல்லாமல் கேட்டுக்குள் விடாதீர்கள்.

சாலைக்கு அடியில் ஸ்லீவுக்குள் போகும் பகுதிக்கு கைடட் வேவ் கேளுங்கள். பைப்பில் ஒரு பட்டையைக் கட்டி ஒலியலையை நீளவாக்கில் அனுப்பினால் இரு பக்கமும் பல பத்து மீட்டர் வரை பார்க்கும். குறுக்குப் பரப்பில் சுமார் 5 சதவீதம் போயிருந்தால்தான் கண்ணில் படும், ஃபிளேஞ்ச் வந்தால் அங்கேயே நின்றுவிடும். தார் பூச்சு தூரத்தை வெகுவாகக் குறைக்கும்.

நாங்கள் என்ன செய்யச் சொல்வோம்? எந்தக் கருவியை வாங்கினாலும், அது மோசம் என்று சொன்ன ஐந்து இடம், நன்று என்று சொன்ன ஐந்து இடம், இரண்டையும் பிரித்துக் காட்டிய பிறகே பில் பாஸ் ஆகும் என்று ஆர்டரில் எழுதுங்கள். நன்று என்றதைப் பிரிக்கச் சம்மதிக்காத நிறுவனத்தை விட்டுவிடலாம்.

கேள்வி: மருந்து ஆலையில் எங்கள் சுடுநீர் லைன் எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ். இந்தக் கவலை எங்களுக்கு இல்லைதானே?
– யூட்டிலிட்டி பொறியாளர், மேட்டுப்பாளையம், புதுச்சேரி

பதில்: கவலையின் உருவம் வேறு. 304, 316 வகைகளில் இன்சுலேஷன் அடியில் வருவது தேய்மானம் அல்ல, விரிசல். 60 முதல் 175 டிகிரிக்குள் ஓடும் பைப், ஈரம், குளோரைடு, வெல்டிங்கில் தங்கிய இழுவிசை, இத்தனையும் சேர்ந்தால் தலைமுடி போன்ற கிளைவிட்ட விரிசல் சுவரைத் தாண்டிவிடும். டிக்னஸ் மீட்டர் முழுத் தடிமன் காட்டிக்கொண்டே இருக்கும், பைப் ஒழுகும். சந்தேக இடத்தைப் பிரித்து, உப்பில்லாத நீரால் கழுவிக் காயவைத்து, வெல்டிலும் அதன் இரு பக்கமும் டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) போடுங்கள். திரும்ப மூடும்போது குளோரைடு குறைந்த இன்சுலேஷனுக்கு ஏ.எஸ்.டி.எம். சி795 சான்று கேட்டு வாங்குங்கள். பி.வி.சி. டேப் சுற்ற வேண்டாம்.

கேள்வி: 7 டிகிரி சில்டு வாட்டர் லைன். கறுப்பு ரப்பர் இன்சுலேஷன். மழையே படாத கட்டடத்துக்குள் இருந்தும் துரு. எப்படி?
– தட்டாஞ்சாவடி வாசகர்

பதில்: தண்ணீர் காற்றிலிருந்து வருகிறது. நம் கடற்கரைக் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பல மாதங்கள் 20 டிகிரிக்கு மேலேயே இருக்கும், 7 டிகிரி பைப் வியர்த்தே தீரும். ரப்பரின் ஒட்டு ஓர் அங்குலம் பிரிந்தாலும் ஈரக்காற்று உள்ளே போய் நீராகிவிடும், வெளியே வர அதற்கு வழி கிடையாது. வால்வு, ஸ்ட்ரெய்னர், கிளாம்ப் பக்கங்களைப் பாருங்கள். ஒட்டு பிரிந்த இடத்தில் மேலே டேப் சுற்றிப் பயனில்லை. அந்தத் துண்டை வெட்டியெடுத்து, பைப்பைக் காயவைத்துப் பெயின்ட் அடித்து, புதுத் துண்டு ஒட்டுங்கள்.

கேள்வி: எங்கள் 6 அங்குல லைனில் குறைந்தபட்ச ரீடிங் 5.1 மி.மீ. போட்டது 7.1, வயது 12. இன்னும் எத்தனை வருடம் ஓட்டலாம்? 10 பார் அழுத்தம்தான். கணக்குப் போட்டால் 0.6 மி.மீ. இருந்தாலே தாங்கும் என்று வருகிறது.
– ஷிஃப்ட் பொறியாளர், ஈச்சங்காடு

பதில்: 0.6 அழுத்தத்துக்கு மட்டும். பைப் தன் எடையையும், நீரின் எடையையும், நனைந்த இன்சுலேஷனையும், மேலே ஏறி நிற்பவரையும் சுமக்கவேண்டும். ஏ.பி.ஐ. 574-இல் 6 அங்குலக் கார்பன் ஸ்டீலுக்குச் சொல்லும் கட்டமைப்புக் குறைந்தபட்சம் 2.8 மி.மீ. அதையே எல்லையாக வையுங்கள்.

12 வருடத்தில் 2 மி.மீ. போனது, வருடத்துக்கு 0.17. மிச்சம் 2.3. ஆக 13 வருடம் தாராளம் என்று கால்குலேட்டர் சொல்லும். உள் அரிப்புக்கு அது சரி, உள்ளே திரவம் முதல் நாளிலிருந்து ஓடுகிறது. வெளித் துரு பெயின்ட் போன பிறகுதானே தொடங்கும்? பெயின்ட் 7 வருடம் காத்தது என்று வைத்தால், 2 மி.மீ. போனது 5 வருடத்தில், வருடத்துக்கு 0.4. மிச்ச ஆயுள் 6 வருடத்துக்குக் குறைவு, அடுத்த சோதனை அதில் பாதிக்குள், அதாவது 3 வருடத்துக்கு முன். அதுவும் 5.1 என்பது உண்மையிலேயே மிகத் தேய்ந்த இடம் என்றால்தான். எத்தனை ஜன்னல் திறந்து அந்த எண் கிடைத்தது என்று எழுதவில்லையே!

கேள்வி: பழுது பார்த்த பைப்புக்குத் திரும்ப என்ன அடிப்பது? கான்ட்ராக்டர் ஜிங்க் ப்ரைமர் நல்லது என்கிறார்.
– குடிகாடு மேற்பார்வையாளரின் இன்னொரு கேள்வி

பதில்: இன்சுலேஷன் அடியில் இனார்கானிக் ஜிங்க் வேண்டாம். சுமார் 60 டிகிரிக்கு மேல் வெந்நீரில் துத்தநாகம் இரும்பைக் காக்கும் வேலையைக் கைவிட்டு, முறை தலைகீழாகி இரும்பே அரிபடக்கூடும். ஜி.ஐ. பைப்புக்கும் இதே கதி. உங்கள் சூட்டுக்கு எபாக்ஸி ஃபினாலிக் இரண்டு கோட், ஒவ்வொன்றும் 100 முதல் 150 மைக்ரான். செலவு செய்ய முடிந்தால் உருக்கித் தெளிக்கும் அலுமினியம், 250 மைக்ரானுக்குக் குறையாமல்.

துகள் பீய்ச்சித் துருவை எடுக்கும் பிளாஸ்டிங் முடிந்ததும் பைப் வெள்ளையாகத் தெரிவதை வைத்து அடித்துவிடாதீர்கள். குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும். பிரெஸ்லே பேட்ச் ஒட்டிக் குளோரைடு பாருங்கள், கூடுதலாக இருந்தால் நல்ல நீரில் கழுவி மறுபடி பிளாஸ்ட் செய்யுங்கள். மாலையில் கடல்காற்று ஏறும் முன் முதல் கோட் விழுந்துவிட வேண்டும். தகட்டை மூடும்போது நீளவாக்கு மடிப்பை 3 மணி அல்லது 9 மணி நிலையில், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். தாழ்ந்த முனையில் அடிவயிற்றில் 10 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள், அதை மட்டும் சிலிகான் வைத்து அடைத்துவிடாதபடி அங்கே ஆள் நிறுத்துங்கள்.